வருவோர்க்கு எதைக் காட்டுவது?

புதுவையிலிருந்து மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டில், 1985இல் நிறுவப்பெற்றது புதுவைப் பல்கலைக்கழகம். இத்தகைய உயர்கல்வி நிலையங்கள் அயல்நாட்டு மாணவரை அழைத்துத் தம்மைத் திறந்து காட்டும் நாளில் மாலையும் ஆங்கிலப் புகழுரையும் மட்டும் போதுமா? கடல் கடந்து வருவோன் ஆங்கிலம் கேட்கவா இங்கு வருகிறான்?

கட்டணம், விடுதி, நுழைவிசைவு பற்றி ஒளியாது உரைக்க. முன்னரே பயிலும் அயல்நாட்டு மாணவரைப் பேசவிடுக. பின்னர் மரக்காணம் உப்பளங்களுக்கு அழைத்துச் செல்க. உவர்நீர் பாத்திதோறும் நகர்ந்து, வெயிலில் முற்றி உப்பாய் விளைவதை உழைப்பாளரே விளக்கட்டும். அதனினும் சிறந்த வேதியியல் பாடம் உண்டோ? மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளைப் படித்துக் காட்டுக.

செருமனிக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் பலர் அம்மொழியைக் கற்றபின்னரே செல்கின்றனர். இங்கு வருவோர்க்கும் அந்நாளிலேயே தமிழின் முதற்பாடத்தைத் தொடங்குக!