சராசரி லாபம் கைக்கு வராது

“பங்குச் சந்தை சராசரியாக வருடத்துக்கு 14 சதவீதம் தரும். நடுவில் ஏறும், இறங்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். பத்து வருடம் தொடாமல் வைத்திருந்தால் போதும்.” முதலீட்டு வகுப்புகளிலும் தரகர்களின் பேச்சிலும் இந்த மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

பங்கில் பணம் போடுவதை நான் எதிர்க்கவில்லை. 1978-79இல் 100 என்று அடிப்படை வைக்கப்பட்ட சென்செக்ஸ் குறியீடு, 2007 முடிவில் 20,287இல் நின்றது. பொறுமையாக இருந்தவர்களுக்கு அது நல்லதே செய்தது. என் மறுப்பு அளவையைப் பற்றியது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்க்கிறவர் கள்ளப்படியால் அளந்து ஏமாறக் கூடாது.

முதலில் அந்தச் சராசரி. 2007 முடிவில் 20,287ஆக இருந்த சென்செக்ஸ் 2008 முடிவில் 9,647 ஆனது, இறக்கம் 52.4%. அடுத்த வருட முடிவில் 17,465, ஏற்றம் 81%. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள்: வருடத்துக்கு 14.3% ‘சராசரி லாபம்’. ஆனால் 2007 முடிவில் சென்செக்ஸ் பங்குகளில் ஒரு லட்சம் போட்டவரிடம் 2009 முடிவில் இருந்தது, டிவிடெண்டைச் சேர்க்காமல், சுமார் 86,000 ரூபாய். வருடத்துக்கு 7 சதவீதத்துக்கும் மேல் நஷ்டம். பாதி கரைந்த பணம் பழைய இடத்துக்கு வர 50% ஏறினால் போதாது, 100% ஏற வேண்டும். எளிய சராசரிக்கு இது தெரியாது. தொடக்கத் தொகையையும் இறுதித் தொகையையும் வைத்துக் கணக்கிடும் கூட்டு வளர்ச்சி விகிதத்துக்குத் தெரியும்.

அடுத்தது, ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பது. ஒரு முதலீடு இரண்டு வருடமும் 10% ஏறுகிறது. இன்னொன்று 40% ஏறி, மறு வருடம் 20% இறங்குகிறது. இரண்டுக்கும் சராசரி 10%தான். ஆனால் ஒரு லட்சம் முதலாவதில் 1,21,000 ஆகிறது, இரண்டாவதில் 1,12,000தான். அந்த ஒன்பதாயிரத்தைத் தின்றது ஏற்ற இறக்கமே.

பணம் தேவைப்படும் நாளும் நம் வசதிக்கு வருவதில்லை. 2020ஆம் வருடக் கணக்கு சென்செக்ஸுக்கு 15.8% லாபம் காட்டுகிறது. அதே வருடம் மார்ச் 23 அன்று அது 25,981. முந்தைய வருட முடிவிலிருந்து 37% கீழே. அன்று மருத்துவச் செலவுக்காக விற்றவருக்கு டிசம்பர் மாத லாபத்தால் என்ன பயன்?

ஏற்ற இறக்கத்தை அளக்கத் திட்ட விலக்கம் இருக்கிறதே என்பார்கள். அது பயனுள்ள அளவை, ஆனால் ஏறுவதையும் இறங்குவதையும் ஒன்றாகவே எண்ணும். நம் தூக்கத்தைக் கெடுப்பது இறக்கம் மட்டுமே. ஆகவே உச்சத்திலிருந்து எவ்வளவு ஆழம் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2008 ஜனவரி உச்சத்திலிருந்து 2009 மார்ச் வரை சென்செக்ஸ் இறங்கியது சுமார் 61%.

மூன்றாவது, பத்து வருடப் பொறுமை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் தொட்ட 38,915ஐத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்துநான்கு வருடம்! காலம் இழப்பின் வாய்ப்பைக் குறைக்கும்; ஆனால் இத்தனை வருடத்தில் சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுக்காது. தொடங்கிய விலையைப் பொறுத்தது அது.

அந்தப் பத்து வருடத்தின் லாபத்தையும் பலர் பிழையாகவே சொல்கிறார்கள். ஒரே தவணையில் போட்ட பணம் பத்து வருடத்தில் இருமடங்கானால், அது வருடத்துக்கு 7.2%, பத்து அல்ல. மறுபக்கம், எஸ்ஐபியில் மாதம் 10,000 வீதம் பத்து வருடம் கட்டிய 12 லட்சம், 20 லட்சமாகியிருந்தால் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கடைசித் தவணை உள்ளே இருந்தது ஒரு மாதம்தான். தேதிவாரியாகக் கணக்கிட்டால் வருடத்துக்குச் சுமார் 10%. கணினி விரிதாளில் எக்ஸ்ஐஆர்ஆர் என்ற சூத்திரம் இதைச் சரியாகச் சொல்லிவிடும்.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். நாம் அன்றாடம் செய்தியில் கேட்கும் சென்செக்ஸில் டிவிடெண்ட் சேராது. அதோடு ஒப்பிட்டால் எந்த ஃபண்டும் தன் உயரத்தைவிட உயரமாகத் தெரியும். அதனால்தான் 2018 பிப்ரவரியிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுகள் டிவிடெண்டும் சேர்ந்த மொத்த வருவாய்க் குறியீட்டோடு ஒப்பிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்தது. நம் வீட்டுக் கணக்குக்கும் அதே விதி பொருந்தும்.

ஒரு நோட்டில் மூன்று எண்களை எழுதுங்கள்: உங்கள் பணத்தின் எக்ஸ்ஐஆர்ஆர், அதே தேதிகளில் அதே தவணைகளை மொத்த வருவாய்க் குறியீட்டில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் எக்ஸ்ஐஆர்ஆர், இதுவரை கண்ட பெரிய இறக்கம். மூன்றாவதைச் சதவீதத்தில் விடாதீர்கள், ரூபாயில் எழுதுங்கள். 2008-09 போன்ற 61% இறக்கத்தில் பத்து லட்சம் 3,90,000 ஆகும் என்று எழுதிப் பார்க்கும்போதே நெஞ்சு அடைத்தால், பங்கில் இருக்க வேண்டிய தொகை பத்து லட்சத்தைவிடக் குறைவு. அது சந்தை இறங்கிய பிறகு தெரிய வேண்டிய விஷயமல்ல.