பிறர் உணவைச் சுமப்போர்



மிதிவண்டிக்கும் துரித உணவுக்கும் என்ன உறவு என்று கேட்டால், உடல்நலம் பேணுவோர் உடனே முகம் சுளிப்பர். முன்னது உடலை வளர்ப்பது, பின்னது உடலைக் கெடுப்பது என்பது பொதுவான எண்ணம். அதுவும் முற்றிலும் சரியன்று. அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக் கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 11 பேரை 90 நிமிடம் மிதிவண்டியைக் கடுமையாக மிதிக்கச் செய்தனர். பின்னர் ஒருமுறை, விளையாட்டு வீரர்களுக்கென்றே விலை வைத்து விற்கப்படும் பானங்களையும் சத்துக்கட்டிகளையும் கொடுத்தனர். மறுமுறை துரித உணவகத்து ஹாம்பர்கரையும் வறுத்த உருளைக்கிழங்கையும் கொடுத்தனர். தசைகளில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை மீண்டும் நிறைவதிலும், அதன்பின் 20 கிலோமீட்டரைக் கடந்த நேரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. களைத்த தசைக்கு வேண்டியது மாவுச்சத்து; அதன் விலைச்சீட்டை அது படிப்பதில்லை. (இதைக் காட்டி நம் பிள்ளைகள் நாள்தோறும் பர்கர் கேட்பார்களாயின், முதலில் 90 நிமிடம் மிதித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.)

ஆயினும், அந்த உணவை உண்ணும் மிதிவண்டிக்காரரை விட, அதைச் சுமந்து செல்லும் மிதிவண்டிக்காரரைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம். அதற்கு நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலில் இருப்பதாக அந்நகர நிர்வாகமே மதிப்பிட்டுள்ளது. குவாட்டமாலா, மெக்சிகோ நாடுகளிலிருந்து வந்தோர் பலர். மேற்கு ஆப்பிரிக்கர், சீனர், வங்காள தேசத்தார் ஆகியோரும் உளர். ஸ்பானிய மொழி பேசுவோர் தங்களைத் 'தெலிவெரிஸ்தாஸ்' என்று அழைத்துக்கொள்கின்றனர்.

இத்தொழில் அந்நகருக்குப் புதிதன்று. 1970களிலேயே மன்ஹாட்டன் பகுதிச் சீன உணவகங்கள், உணவுப் பட்டியலை வீட்டுக் கதவுகளுக்கு அடியில் செருகிவிட்டு, அழைப்பு வந்ததும் மிதிவண்டியில் உணவு அனுப்பின. ஊதியம் அற்பமே, எனினும் அன்று ஊழியருக்கு ஒரு முதலாளி இருந்தார், ஒரு கடை இருந்தது. மழை பெய்தால் ஒதுங்க அக்கடையின் கூரை இருந்தது. கழிப்பறையும் அங்கேயே இருந்தது. சிக்கனக்காரரான முதலாளிகூடத் தம் ஆளுக்கு ஒரு தட்டுச் சோறு போடத் தயங்கியிருப்பாரா?

கைபேசிச் செயலிகள் வந்த பிறகு இந்த ஏற்பாடு குலைந்தது. ஒரே நாளில் இருபது உணவகங்களின் வாசலில் நிற்பவர் எந்த உணவகத்துக்கும் உரியவரல்லர். உணவகத்தார், "நீர் எம் ஊழியர் அல்லர்" என்கின்றனர். செயலியை நடத்தும் நிறுவனத்தாரும், "நீர் சுதந்திரமாகத் தொழில் செய்பவர், எம் ஊழியர் அல்லர்" என்கின்றனர். வண்டியும் அவருடையது, பழுது பார்க்கும் செலவும் அவருடையது, விபத்தும் அவருடையது. சூடான உணவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பவர், அது வெளிவந்த அதே கடையின் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாதபடி விரட்டப்பட்ட செய்திகள் நெடுங்காலம் வந்துகொண்டிருந்தன. எல்லாக் குறைகளிலும் இதுவே நம் மனத்தை மிகவும் உறுத்துகிறது. ஊதியக் குறைவுக்குக் கணக்குக் காட்டி வாதிடலாம். ஒரு மனிதனின் இயற்கைத் தேவைக்குக் கதவடைப்பதற்கு என்ன கணக்கு உண்டு?

மின்கலம் பொருத்திய மிதிவண்டிகளின் கதை இன்னும் விந்தையானது. வயது முதிர்ந்த சீனத் தொழிலாளர், மிதிக்க இயலாத முழங்கால்களோடு, இவற்றை நம்பியே பிழைத்தனர். 2018ஆம் ஆண்டில் நகர நிர்வாகம் அவ்வண்டிகளைச் சட்டவிரோதமானவை என்று பறிமுதல் செய்தது. 500 டாலர் தண்டமும் விதித்தது. அவசரப்படுத்திய உணவகத்துக்கும், பசியோடு காத்திருந்த வீட்டுக்கும் தண்டத்தின் பாரம் சுமப்பவரைப் போல் தெரியவில்லை. பின்பு 2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் வந்தது. உணவகங்களில் அமர்ந்துண்பது நிறுத்தப்பட்டது. நேற்றுவரை குற்றவாளியாய் இருந்தவர் திடீரென்று 'இன்றியமையாத தொழிலாளர்' ஆனார். அடுத்த மாதமே அம்மாநிலம் அவ்வண்டிகளைச் சட்டபூர்வமாக்கிற்று. தேவை வந்ததும் சட்டத்தின் கண்கள் எவ்வளவு விரைவில் திறக்கின்றன, பார்த்தீர்களா?

2021 செப்டம்பர் முதல் நாள் இரவு, ஐடா புயலின் மிச்சம் அந்நகரில் கொட்டித் தீர்த்தது. சென்ட்ரல் பூங்காவில் ஒரே மணி நேரத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மழை. நகரில் 13 பேர் மாண்டனர். அவர்களுள் 11 பேர் நிலத்தடி அறைகளில் குடியிருந்த எளியோர். அந்த இரவிலும் செயலிகளில் உணவு கேட்டு ஆணைகள் வந்துகொண்டே இருந்தன. இடுப்பளவு வெள்ளத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, உணவுப் பையை நனையாமல் பிடித்தபடி ஒருவர் நடந்து சென்ற ஒளிப்படக் காட்சியை உலகமெங்கும் ஏராளமானோர் கண்டனர். கண்டவர் பலரும் பரிவு கொண்டனர். அன்றிரவு அந்தப் பையைக் கேட்டு வாங்கியவரும் நம்மைப் போன்ற ஒரு சாதாரண மனிதரே என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ!

ஏற்கெனவே விவாதத்தில் இருந்த சில சட்டங்களை நகர மன்றம் அதே மாதம் 23ஆம் நாள் நிறைவேற்றிற்று. உணவு எடுக்க வருபவருக்கு உணவகத்தார் கழிப்பறை தர வேண்டும். எவ்வளவு தொலைவு வரை செல்வது என்பதைத் தொழிலாளரே வரையறுக்கலாம். சூடு காக்கும் பையை நிறுவனமே கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் எவ்வளவு என்பதை மறைக்கலாகாது. ஒரு மாநகரம் கழிப்பறைக்காகச் சட்டம் இயற்ற நேர்ந்ததை வெற்றி என்பதா, வெட்கம் என்பதா? நாம் இரண்டும் என்போம்.

ஊதியத்தின் நிலையையும் பார்ப்போம். 2022இல் நகர நிர்வாகம் வெளியிட்ட அறிக்கைப்படி, டிப்ஸ் நீங்கலாக ஒருவருக்கு மணிக்குக் கிடைத்தது சுமார் 7 டாலர். அதில் வண்டிச் செலவே 3 டாலரை விழுங்கிற்று. குறைந்தபட்ச ஊதியம் 17.96 டாலர் என்று 2023இல் விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன, தோற்றன. அவ்வாண்டு டிசம்பரில் விதி நடைமுறைக்கு வந்ததும், சில செயலிகள் டிப்ஸ் கொடுக்கும் இடத்தை, பணம் செலுத்தி முடித்த பிறகு தோன்றுமாறு மாற்றியமைத்தன. விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மறதி மனித இயல்பன்றோ! வேலை குறைந்த நேரங்களில் தொழிலாளரை உள்ளே நுழையவிடாமல் செயலியைப் பூட்டுவதும் தொடங்கிற்று. எனினும் 2025 ஏப்ரலில் அவ்வூதியம் 21.44 டாலராக உயர்ந்தது. செலவு கூடினால் வாங்குவோரின் தலையில் அது விழும் என்று நிறுவனத்தார் கூறுவது பொய்யன்று. மலிவாகக் கிடைத்த காலத்தில் அம்மலிவு யாருடைய தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துக் கூறியிருந்தால் கணக்கு நிறைவாக இருந்திருக்கும்.

ஆபத்தும் குறையவில்லை. மலிவான மின்கலங்கள் வீடுகளில் மின்னேற்றும்போது வெடித்துத் தீப்பற்றின; 2023இல் மட்டும் மின்கலத் தீயில் அந்நகரில் 18 பேர் இறந்தனர். ஏறத்தாழ 2,000 டாலர் பெறுமானமுள்ள வண்டிகளைக் கொள்ளையர் பாலங்களின் மேல் மறித்துப் பறித்தமையால், இரவில் ஒருவருக்கொருவர் காத்திருந்து கூட்டமாகப் பாலம் கடக்கும் வழக்கம் தொழிலாளரிடையே உண்டாயிற்று. 

ஊழியரா, அல்லரா என்னும் கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடை தந்துள்ளன. ஸ்பெயின் 2021இல் இவர்களை ஊழியராகவே கொள்ளும் சட்டம் செய்தது. தம் இடத்தில் வேறொருவரை அனுப்பும் உரிமை உள்ளவர் ஊழியராகார் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

நம் ஊர்களில் இவ்வேலையில் வருவோர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருகின்றனர். மிதிவண்டியில் வருவோரும் இல்லாமலில்லை. ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பிய களைப்பில் நம் இல்லத்தாரும் கைபேசியைத் தட்டுகின்றனர். நாம் அதைக் குறை கூறவில்லை. இத்தகைய தொழிலாளருக்கெனத் தமிழ்நாடு அரசு 2023இல் நல வாரியம் அமைத்தது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் அவர்களுக்கென்று குளிரூட்டிய ஓய்வறை ஒன்றைத் திறந்தது. அங்கே உட்கார இருக்கையும், கைபேசிக்கு மின்னேற்ற வசதியும், கழிப்பறையும் உள்ளன.