பம்பிக்குச் சாப்பாடு போகவில்லை

மாங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்திருப்போம். பகல் ஒரு மணி. பின்சீற்றில் அம்மா கண்ணயர்ந்திருந்தா. முன்பலகையில் சிவப்பு முக்கோணம் பளிச்சென்று எரிந்தது. அதன் கீழே யப்பானிய எழுத்தில் ஒரு வரி. இழுவை குறைந்துவிட்டது, எதிர்க்காற்றுக்குச் சைக்கிள் உழக்குவது மாதிரி. உருட்டிக்கொண்டு முறிகண்டிக்கு வந்து சேர்ந்தோம். ஏ9 வீதியில் போகிறவர்கள் அந்தப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். நாங்கள் அன்றைக்கு முக்கால் மணித்தியாலம் நின்றோம். கச்சான் முடிந்து சுவிட்சைப் போட்டால் முக்கோணத்தைக் காணவில்லை. கார் சுகமாகப் புறப்பட்டது. பரந்தனில் திரும்பவும் எரிந்தது.

ஆறினால் ஓடும், சூடேறினால் படுக்கும். இந்தக் குணத்தைக் கண்டால் ஹைபிரிட் கார் வைத்திருக்கிறவர்கள் முதலில் நினைக்கவேண்டியது இன்வேற்றரின் தண்ணீர்ப் பம்பியைத்தான்.

இந்தக் கார்கள் பலவற்றில் தண்ணீர் ஓட்டம் இரண்டு. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேற்றருக்கு. பெரிய பற்றறியின் நேரோட்டத்தை மோட்டருக்கு வேண்டிய ஆடலோட்டமாக மாற்றுகிற பெட்டிதான் இன்வேற்றர். மாற்றும்போது அது சூடாகும். எஞ்சின் தண்ணீர் 90 பாகை செல்சியசை அண்டி ஓடினாலும் எஞ்சின் தாங்கும். இன்வேற்றருக்குள் இருக்கும் குறைகடத்திகள் அவ்வளவு தாங்கா. அதனால்தான் தனிச் சுற்று. பெல்ற்றில் ஓடுகிற பம்பி இதற்குச் சரிவராது. சந்தியில் காத்து நிற்கும்போதே எஞ்சின் ஓய்ந்துவிடுகிறதே, பிறகு பெல்ற்றை யார் சுற்றுவது? ஆகவே 12 வோல்ற்றில் ஓடும் சின்ன மின்பம்பி ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற சாமான், முன்பக்கத்தில் தாழ்வான ஒரு மூலையில் இருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றுபோனால் சாரதிக்குக் காட்டித்தர முள் கிடையாது. சூடு காட்டும் முள் எஞ்சினுடைய சூட்டை மட்டும் காட்டும். பல ஹைபிரிட் கார்களில் அதுவும் இல்லை.

யாழ்ப்பாணம் வந்த மறுநாள் ஒரு கராஜில் ஸ்கானர் போட்டுப் பார்த்தார்கள். பி0ஏ93 என்று வந்தது. "பம்பி போட்டுது" என்றார்கள். கழற்றி, வேறு காரில் இருந்து எடுத்த பம்பி ஒன்றைப் பூட்டினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் நண்பகலில் அதே முக்கோணம்.

பி0ஏ93 என்றால் இன்வேற்றரைக் குளிராக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். பம்பி பழுது என்று அந்தக் குறி சொல்லவில்லை. கூலன்ற் குறைந்திருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம், பியூஸ் எரிந்திருக்கலாம், வயரில் கோளாறு இருக்கலாம், பம்பியும் செத்திருக்கலாம். காய்ச்சல் என்று தெரிந்தவுடன் மலேரியா மருந்து கொடுப்பதில்லை. காருக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று எனக்கு மனம் கொதித்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரைக் காப்பாற்ற எத்தனை வீட்டில் எவ்வளவு காசு போனது. பரிசோதிக்காமல் மாற்றிய ஒவ்வொரு சாமானும் அந்தக் காசில்தான் வந்தது.

பிறகுதான் வாகன வயறிங் வேலை செய்கிற ஓர் அண்ணையிடம் போனேன். அறுபது வயதிருக்கும். ஸ்கானரைத் தொடவில்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, இன்வேற்றர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து, காரை ஓடத் தயாரான நிலையில் வைக்கச் சொன்னார். ரோச் லைற்றை உள்ளே அடித்தார். "இஞ்சை பாரும் தம்பி." எட்டிப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் தண்ணீர், முகம் தெரிகிற மாதிரி அசையாமல் கிடந்தது. பம்பி ஓடினால் அது சுழிக்க வேண்டும். அவர் கையைக் கீழே விட்டுப் பம்பியின் வயர்ச் சொக்கற்றை மெல்ல ஆட்டினார். தண்ணீர் ஒருதரம் துள்ளியது. சின்னச் சுழி ஒன்று வந்தது. கையை எடுத்தார், அடங்கிவிட்டது.

அந்தச் சுழியைப் பார்த்த கணத்தை நான் மறக்கமாட்டேன்.

சொக்கற்றைக் கழற்றி மீற்றரை வைத்தார். 13.9 வோல்ற். "சரியாகத்தானே வருகுது?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் சமிக்ஞை விளக்கின் 21 வாற்ஸ் பல்ப் ஒன்றை அதே இரண்டு முனையிலும் கொளுவினார். இழை மங்கிய சிவப்பில் கிடந்து தவித்தது. "மீற்றருக்குப் பசியில்லை. அதாலை எல்லாம் சரியெண்டுதான் சொல்லும். பல்ப்புக்குப் பசி. பம்பி சாகேல்லைத் தம்பி, அதுக்குச் சாப்பாடு போகேல்லை."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லையென்றே சொல்லலாம். ஒரு நூலிழைத் தொடுப்பு இருந்தாலும் முழு வோல்ற்றையும் காட்டிவிடும். பம்பி ஓட ஓரிரு அம்பியர் வேண்டும். அவ்வளவும் அந்த நூலிழையால் போகாது. சொக்கற்றின் உள்ளே ஊசி முனையளவு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சுரண்டிப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் துண்டை வெட்டியெறிந்து, புதுச் சொக்கற் வைத்து ஈயம் பற்றவைத்தார். அரை மணித்தியால வேலை.

பம்பியே சாவதும் உண்மைதான். 2012 நவம்பரில் டொயோட்டா தன் இரண்டாம் தலைமுறை பிரியஸ் கார்களை இந்தப் பம்பிக்காகத் திருப்பியழைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சத்து 50 ஆயிரம். பம்பி மோட்டரின் சுருள் கம்பி கீறுப்பட்டு, நாளடைவில் அரித்து அறுந்துவிடும் என்பது காரணம். என்னுடைய கார் அந்த இனமில்லை. ஆனாலும் எல்லாப் பம்பிக்கும் அந்த முடிவு வரலாம். வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அந்தப் பல்ப். பல்ப் பிரகாசமாக எரிந்து பம்பி அசையாவிட்டால், அப்போது மாற்றுங்கள்.

ஓடுகிற சத்தம் கேட்டும் தண்ணீர் அசையாவிட்டால் காற்று அடைப்பாக இருக்கலாம். தோட்டத்தில் மண்ணெண்ணெய் மெசின் பூட்டி இறைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குழாயில் காற்று நின்றால் மெசின் இரையும், வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. சில கார்களில் இதற்கென்று காற்றுத் திருகாணி உண்டு. திறந்து குமிழி அடங்கும்வரை விடவேண்டும்.

இன்னொன்று, குடாநாட்டுக்காரருக்கு. நம்முடைய கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படையைப் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கூலன்ற் போத்தலுக்குள் ஊற்றினால் அதே படை இன்வேற்றரின் நுண்ணிய வழிகளிலும் படியும். கொம்பனி சொன்ன கூலன்ற்றை மட்டும் விடுங்கள்.

ரேபோ எஞ்சின் உள்ள சில கார்களிலும் இப்படி ஒரு துணைப் பம்பி உண்டு. சாவியை எடுத்த பிறகும் பொனற்றுக்குள் சில நிமிடம் மெல்ல முனகும். ரேபோவை ஆற்றத்தான் அது ஓடுகிறது, பழுதில்லை.

நீங்களே பார்ப்பதென்றால் மூடியை ஆறிய பிறகுதான் திறக்கவேண்டும். செம்மஞ்சள் உறை போட்ட வயர்களைத் தொடவே கூடாது; 12 வோல்ற் வேறு, அது வேறு. எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பும், ஆகவே கையும் உடுப்பும் கவனம். புதிய கார்ப் பம்பிகள் சிலவற்றில் மூன்று நான்கு வயர் இருக்கும், கணினி சொல்கிற வேகத்தில் ஓடுபவை. அவற்றுக்கு இந்தப் பல்ப் வித்தை மட்டும் போதாது.

கிளம்புமுன், முதல் கராஜில் கழற்றித் தந்த என் பழைய பம்பியை டிக்கியிலிருந்து எடுத்துக் காட்டினேன். அண்ணை ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, பம்பியை அமிழ்த்தி, பற்றறியில் இருந்து இரண்டு வயர் கொடுத்தார். அது சீறிக்கொண்டு வாளி விளிம்புக்கு மேலால் தண்ணீரை எறிந்தது.