ரீல் சுற்றலாம்... ரீல் விடக்கூடாது!

தமிழில் 'ரீல்' என்ற சொல்லுக்கு அர்த்தம் பல. தையல்காரருக்கு அது நூல். தியேட்டர் ஆபரேட்டருக்கு ஒரு காலத்தில் படச்சுருள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, செல்போனில் விரலால் தள்ளித் தள்ளி ராத்திரி ஒரு மணி வரை பார்க்கிற வஸ்து. ஆபீஸில் திங்கட்கிழமை லேட்டாக வந்தவர் மேனேஜரிடம் விடுகிறாரே, அது நாலாவது. ஐந்தாவதாக ஒரு ரீல் உண்டு. தூண்டில் கம்பில் மாட்டுவது. இந்த வாரம் அதுதான் சமாச்சாரம்.

காரணகர்த்தா எங்கள் எட்டயபுரத்து இளைஞர் ஒருவர். தூத்துக்குடியில் வேலை. தினம் பஸ். "சார், பெய்ட்காஸ்டிங் ரீல் ஒண்ணு வாங்கணும். யூடியூப்ல அமெரிக்காக்காரன் பாஸ் பிடிக்கான் பாருங்க, என்னா வீச்சு, என்னா இழுப்பு!" என்றார்.

"பாஸைப் பிடிக்கவா? ஆபீஸில் பாஸிடம் ரீல் விடத்தானே உங்களுக்கு வரும்?"

"வெளையாடாதீக சார். அந்த பாஸ் வேற, இந்த பாஸ் வேற. ஐயாயிரம் ரூவா வச்சிருக்கேன். வீட்டுக்கு அனுப்பினது போக மூணு மாசம் மிச்சம் பிடிச்சது. ஒரு தடவ வாங்கினா அஞ்சாறு வருசம் உழைக்கணும்."

மூன்று மாச மிச்சம் என்றதும் நான் விளையாட்டை விட்டுவிட்டேன். தப்பான ரீல் வாங்கினால் அது மூன்றே மாசத்தில் துருப்பிடித்து, பரணில் பழைய டேப் ரிக்கார்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் மீன். அமெரிக்காக்காரர் பிடிக்கிற அந்த பாஸ் நம் கண்மாய்களில் கிடையாது. நமக்கு உள்ள பாஸ், கொடுவா. வங்காளத்தில் 'பேட்கி' என்று விருந்து வைப்பதும், ஆஸ்திரேலியாவில் 'பாரமுண்டி' என்று கொண்டாடுவதும் இதே மீனைத்தான். ஆறும் கடலும் கலக்கிற முகத்துவாரம் அதற்குப் பிடித்த இடம். நமக்குத் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் என்றால் விரால். மழை பெய்து கண்மாய் பெருகினால் செடிகொடிக்கு இடையே ஒளிந்திருந்து பாய்கிற ஆசாமி. இரண்டுமே பதுங்கியிருந்து அடிக்கும் ஜாதி. ஆகவே குறி பார்த்து இரையைப் போட வேண்டும். பெய்ட்காஸ்டிங் ரீலின் பலமே அந்தக் குறிதான்.

சாதாரண ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது உருளை சும்மா நிற்கும். நரம்பு அதன் விளிம்பு வழியாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டிங்கில் அப்படி இல்லை. கிணற்று ராட்டினம் போல உருளையே சுற்றும். கட்டைவிரலை அதன்மேல் லேசாக வைத்தால் இரையை நினைத்த இடத்தில் இறக்கலாம்.

வில்லங்கமும் அங்கேயேதான். பறக்கிற இரை காற்றில் வேகம் குறையும். உருளைக்கு அது தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றி நரம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். மேனேஜர் டிரான்ஸ்பரில் போன பிறகும் அவர் போட்ட சர்க்குலர்கள் வந்துகொண்டே இருக்குமே, அந்த மாதிரி! விளைவு, ரீலுக்குள் ஒரு குருவிக்கூடு. அதைப் பிரிக்க உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை அதிலேயே முடிந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் பிரேக். இரண்டு வகை உண்டு. உருளை வேகமாகச் சுற்றும்போது சின்னக் கட்டைகள் வெளிப்பக்கம் ஒதுங்கி உரசுவது ஒன்று. காந்தம் வைத்தது இன்னொன்று. அலுமினிய உருளையைக் காந்தம் எப்படிப் பிடிக்கும் என்று கேட்பீர்கள். ஒட்டிக்கொள்ளாதுதான். ஆனால் காந்தத்துக்குப் பக்கத்தில் அலுமினியம் சுற்றினால் அதில் மின்னோட்டம் பிறந்து, சுற்றுவதையே எதிர்க்கும். வீட்டுப் பழைய இ.பி. மீட்டரில் ஒரு தட்டு மெல்லச் சுற்றுமே, அது ஓடித் தொலையாமல் பிடித்து வைத்திருந்தது இதே காந்த வேலைதான். புதிதாகப் பழகுகிறவருக்குக் காந்த பிரேக் சௌகரியம். வெளியே உள்ள குமிழைத் திருகினால் போதும்; மூடியைக் கழற்ற வேண்டாம்.

இனி சரித்திரம், சுருக்கமாக. சீனத்தில் சுமார் 1195-ல் மா யுவான் வரைந்த ஓவியத்தில் தூண்டில்காரர் ஒருவர் கையில் ரீல் இருக்கிறது. ஒரு சுற்றுக்குப் பல சுற்று சுற்றுகிற ரீலை அமெரிக்காவில் முதலில் செய்த பெருமையை, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் இருந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பவருக்குத் தருகிறார்கள். அவர் தொழில்? கடிகாரம்! ஸ்வீடனில் 1921-ல் ஆரம்பித்த ஆபு கம்பெனியும் முதலில் செய்தது பாக்கெட் கடிகாரம்தான். அதே 1921-ல் ஜப்பானின் சகாய் நகரில் தொடங்கிய ஷிமானோ, சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் செய்து பெயர் வாங்கி, 1970-ல் மீன்பிடி சாமான்களுக்கு வந்தது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பெய்ட்காஸ்டிங் ரீல் பாதி கடிகாரம், பாதி சைக்கிள். கடிகாரத்துக்கு ஆகாதது எதுவும் இதற்கும் ஆகாது. எட்டயபுரத்தில் கரிசல் புழுதி. தூத்துக்குடியில் உப்பளக் காற்று. இரண்டு வில்லன்கள் உள்ள படம் இது.

ஆகவே கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் கம்பைப் பாருங்கள். பெய்ட்காஸ்டிங் ரீல் கம்புக்கு மேலே உட்காரும். அதற்கான கம்பில் வளையங்கள் சின்னதாக மேல் பக்கம் இருக்கும். பிடியில் துப்பாக்கி விசை மாதிரி ஒரு கொக்கி இருக்கும். வளையங்கள் பெரிதாகக் கீழே தொங்கினால் அது ஸ்பின்னிங் கம்பு. அதில் இந்த ரீலை மாட்டுவது, லுங்கிக்கு பெல்ட் போடுகிற மாதிரி. நம்ம தம்பியிடம் துபாய் மச்சான் கொண்டுவந்த கொக்கிக் கம்பு இருந்தது. தப்பித்தார்.

இரண்டாவது, பற்சக்கரம். பித்தளையா என்று கேளுங்கள். கொஞ்சம் கனம், ஆனால் உழைக்கும். மலிவு ரீலில் வருகிற மெல்லிய கலவை உலோகப் பல், பெரிய மீன் நாலு தடவை இழுத்தால் மொண்ணையாகிவிடும்.

மூன்றாவது, பேரிங். பெட்டியில் '12+1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். மயங்க வேண்டாம். துருப்பிடிக்காத நல்ல பேரிங் நாலைந்து இருந்தால் போதும். உப்புக்காற்றில் பன்னிரண்டு மட்டமான பேரிங் என்றால் துருப்பிடிக்கப் பன்னிரண்டு இடம் என்று அர்த்தம்.

நாலாவது, சுற்று விகிதம். 6.3:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்று, உருளை 6.3 சுற்று. ஒரே ரீல்தான் வாங்க முடியும் என்கிறவருக்கு ஆறை ஒட்டி இருந்தால் எல்லாவற்றுக்கும் ஓடும். ஐந்தை ஒட்டியது மெதுவாக, பலமாக இழுக்கும். ஏழுக்கு மேல் வேகம். சைக்கிள் கியர் கணக்குதான்.

ஐந்தாவது, டிராக். கைப்பிடி அடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு சக்கரம் இருக்கும். மீன் வெறி பிடித்து ஓடும்போது நரம்பு அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு அது. எத்தனை கிலோ தாங்கும் என்பதைவிட, வெட்டி வெட்டி இழுக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறதா என்பதே முக்கியம். கார்பன் வாஷர் நல்லது. நரம்பு எத்தனை கிலோ தாங்குமோ அதில் கால் பாகத்திலிருந்து மூன்றில் ஒரு பாகம் வரை டிராக்கை வைக்க வேண்டும். பத்து கிலோ நரம்புக்கு இரண்டரை, மூன்று கிலோ. இந்தக் கணக்குக்கு எட்டு கிலோ டிராக் உள்ள ரீலே தாராளம்.

கடைசியாக, கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் மேஜையிலேயே வைத்துவிடுங்கள். மெதுவாகச் சுற்றிக் காதில் வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடுகிற சத்தம் வந்தால் வேண்டாம். "உதிரி பாகம் கிடைக்குமா அண்ணாச்சி?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் டீ சொல்லி அனுப்பினால், டீயைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

புன்னைக்காயல் பக்கம் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். பிளாஸ்டிக் பாட்டிலில் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு கைத்தூண்டில் போடுகிறவர். தம்பி அவரிடம் ரீல் படத்தைக் காட்டினார்.

"இதுல பிரேக் இருக்கு ஐயா, டிராக் இருக்கு..."

பெரியவர் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். குறுக்கே குறுக்கே தழும்பு. "எனக்குப் பிரேக்கும் இதுதான், டிராக்கும் இதுதான். மீன் ஓடயில நரம்பு அறுக்கும். அறுத்தாலும் விட முடியாது. அன்னைக்கி உலை வைக்கணும்லா?" என்றவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க வாங்குங்க தம்பி. விரலாவது மிஞ்சும். ஆனா மீனு ரீலுக்கு என்ன வெலன்னு கேட்டுட்டுக் கடிக்காது, பாத்துக்கிடுங்க."

அந்த விரலைப் பார்த்த பிறகு, டிராக் என்பது பெட்டி மேலே அச்சடித்த எண்ணாகத் தம்பிக்குத் தெரியவில்லை.

வாங்கியாகிவிட்டது. உடனே கடலுக்கு ஓடாதீர்கள். முள் இல்லாமல் பதினைந்து கிராம் ஈயக்கட்டி கட்டி, அறுவடை முடிந்த கரிசல் காட்டில் நின்று வீசிப் பழகுங்கள். உருளைப் பக்கத்துக் குமிழைத் திருகி, ஈயம் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை முதலில் கூட்டி, பழகப் பழகக் குறையுங்கள். தம்பி இப்படி வீசிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற பெரியம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏ ராசா, தண்ணி அங்கிட்டுல்லா கெடக்கு!" என்றாராம். வெட்கப்பட வேண்டாம். தரையில் சிக்கினால் நமக்கும் ஆட்டுக்கும்தான் தெரியும்.

இன்னொரு உண்மை. ஏழு கிராமுக்குக் குறைந்த லேசான இரைக்கும், முகத்துக்கு நேரே அடிக்கிற கடல்காற்றுக்கும் இந்த ரீல் சரிப்படாது. இறால் துண்டைக் கோத்துக் கடற்கரையில் உட்கார்வதுதான் உங்கள் ஆசை என்றால், பாதிச் சிரமத்தில் ஸ்பின்னிங் ரீலே போதும். யூடியூப்பில் அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் போய்வந்த ராத்திரியே டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துக் கழுவி, துணியால் துடைத்துக் காய வையுங்கள். பைப்பைத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்க் குடித்தனம் நடத்தும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய், பல்லுக்குக் கொஞ்சம் கிரீஸ். சமையல்கட்டுத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். பத்து நிமிஷ வேலை. ஐயாயிரம் ரூபாய் அஞ்சு வருஷம் நிற்பதும் அஞ்சு மாசத்தில் போவதும் இந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது.

போகிற இடமும் முக்கியம். கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போனால் வேறு யாராவது உங்களைப் பிடிப்பார்கள். துறைமுக வளாகத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

கொடுவா பற்றி ஒரு ரகசியம். வாழ்க்கையை ஆணாகத் தொடங்கி, சில வருஷம் கழித்துப் பெரும்பாலும் பெண்ணாக மாறுகிற மீன் அது. ஆகவே தூண்டிலில் வருகிற ரொம்பப் பெரிய கொடுவா, அநேகமாக ஒரு அம்மா. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் இதைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்துச் சாதித்தது. ஆனால் ஆற்றுமுகத்தில் அந்த வேலையை இந்த அம்மாக்கள்தான் பார்க்க வேண்டும். குழம்புக்கு நடுத்தர சைஸ் போதும். பெரியதை போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். வயிற்றுப்பாட்டுக்கு விரலை அறுத்துக்கொள்கிற பெரியவருக்கு நாளைக்கும் மீன் வேண்டும். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

திங்கட்கிழமை ஆபீஸில் மீன் கதை சொல்வீர்கள். சொல்லுங்கள். டேப் வைத்து அளந்த நீளத்தை மட்டும் சொல்லுங்கள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினீர்களோ, அது நாலாவது ரக ரீல். அதற்கு ஐயாயிரம் ரூபாய் தேவையே இல்லை!