முதலாளி பெயர் இல்லாத ஊரிலிருந்து



தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் நடத்திவரும் கட்டுமான நிறுவனங்களைப் பற்றி இந்த இதழில் சிறப்புப் பகுதி வெளியிடுகிறோம். அறிவிப்பு வந்ததுமே நெய்வேலியிலிருந்து கடிதங்கள் குவிந்தன. முதலில் எனக்குப் புரியவில்லை. பகுதிக்கு வட்டம் என்று ஓர் எண், குவார்ட்டர்ஸுக்கு டைப் என்று ஓர் எழுத்து, இவற்றை வைத்தே முகவரி சொல்லும் ஊர் அது. இன்ன குடும்பம் கட்டிய ஊர் என்று யாரும் அங்கே சொல்வதில்லை. 1956 நவம்பர் 14 அன்று பதிவான அரசு நிறுவனம், 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், சோவியத் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையம், இவற்றைச் சுற்றி வளர்ந்த நகரியம். இந்த ஊர்க்காரர்களுக்குக் குடும்பக் கம்பெனிகளோடு என்ன தொடர்பு?

கடிதங்களைப் படித்தபிறகு விளங்கியது. பலருடைய அண்ணனோ மாமாவோ மகனோ நெய்வேலியில் அப்ரன்டிஸ் முடித்துவிட்டு, நிரந்தர வேலைக்குக் காத்திருந்து சலித்து, வளைகுடாவுக்கு விமானம் ஏறியவர்கள். ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீசியன். ஊரில் அரசு நிறுவனத்தின் நிழலில் வளர்ந்தவர்கள், அங்கே போய் ஒரு குடும்பத்தின் கம்பெனியில் சம்பளம் வாங்கினார்கள். அந்தக் கம்பெனியின் பெயர் பெரும்பாலான கடிதங்களில் ஒன்றேதான்: ஈ.டி.ஏ.

அதைத் தொடங்கிய கீழக்கரைக்காரர் பி.எஸ். அப்துர் ரகுமானின் கதை நம் வாசகர்களில் பலருக்குத் துண்டு துண்டாகத் தெரிந்திருக்கும். 1927இல் பிறந்தவர். இரத்தினக்கல் வணிகத்தில் தொடங்கி, கடல் கடந்து போய்ப் பொருள் சேர்த்தவர். கல் வணிகத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தது சிலருக்கு விந்தையாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டிலும் சரக்கைவிட முதலில் கைமாறுவது நம்பிக்கைதான். கல்லைச் சீட்டில்லாமல் கொடுத்து வாங்கிப் பழகியவர்களுக்கு, பில் பாஸ் ஆகும்வரை கைக்காசைப் போட்டு வேலை நடத்துவது புதிதல்ல.

அவருடைய ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் நிறுவனம்தான் சென்னையின் முதல் மேம்பாலத்தைக் கட்டியது. ஜெமினி மேம்பாலம் என்று நாம் சொல்லும் அண்ணா மேம்பாலம். 21 மாதங்களில் வேலை முடிந்து, 1973இல் முதலமைச்சர் கருணாநிதி திறந்துவைத்தார். துபாயின் அல் குரைர் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து ஈ.டி.ஏ. தொடங்கப்பட்டதும் அதே 1973இல். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. வளைகுடா அரசுகளிடம் பணம் கொட்டியது. சாலை, துறைமுகம், மருத்துவமனை, குடியிருப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்ட அவை முனைந்தன. ஆள் வேண்டியிருந்தது. ராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்தும், பிறகு தமிழ்நாடு முழுவதிலுமிருந்தும் ஆட்கள் போனார்கள். கம்பெனி கட்டடத்தோடு நிற்காமல் லிஃப்ட், ஏ.சி., கப்பல், வீட்டுமனை என்று கிளைவிட்டது.

குடும்பக் கம்பெனிகள் கட்டியதைப் பற்றி எழுதும்போது மவுண்ட் ரோட்டின் எல்.ஐ.சி. கட்டடம் ஞாபகம் வராமல் இருக்காது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக நினைத்த கட்டடம் அது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. கட்டும் வேலை முருகப்பா குடும்பத்தின் கோரமண்டல் இன்ஜினீயரிங் கையில் இருந்தது. ஒரு செட்டியார் குடும்பம் தொடங்கி, இன்னொரு செட்டியார் குடும்பம் கட்டி, 1959இல் திறப்பு விழா நடந்தபோது உரிமையாளர் இந்திய அரசு! நாட்டுடைமை ஆன அதே 1956இல்தான் நெய்வேலி நிறுவனமும் பிறந்தது. அரசு வேறு, குடும்ப முதல் வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே தவிர, இவை ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்துதான் வளர்ந்திருக்கின்றன. நெய்வேலியே அப்படித்தான். 1930களில் ஜம்புலிங்கம் முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டப்போய், நீரோடு கரிய பொருள் வந்ததைப் பார்த்து அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்காவிட்டால் கதை எப்போது தொடங்கியிருக்குமோ. பின்னாளில் அவர் தம் நிலத்தையும் கொடுத்தார். அவரைப்போல் பெயர் சொல்லப்படாமல் நிலம் விட்டுக்கொடுத்த ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கடிதங்களும் வந்தவற்றில் இருக்கின்றன. நிரந்தர வேலை கேட்டு இன்னும் காத்திருக்கும் குரல் அவற்றில் கேட்கிறது.

பம்பாயின் ஷாபூர்ஜி பலோன்ஜி குழுமம் இந்தக் கம்பெனிகள் எல்லாவற்றையும்விடப் பழையது, 1865இல் தொடங்கியது. ரிசர்வ் வங்கிக் கட்டடத்திலிருந்து ஓமன் சுல்தானின் அரண்மனை வரை கட்டியவர்கள். ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்துக்குப் பணம் போட்டதும் அந்தக் குடும்பம்தான். (கட்டடக்காரர்களுக்குச் சினிமா செட் செலவைப் பார்த்து மயக்கம் வராது போலும்.) அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே உள்ளே இருப்பதால் இங்கே நீட்டவில்லை.

இந்தப் பகுதிக்காக நாங்கள் வாங்கிப் படித்த பொன்விழா மலர்கள் என்னைச் சோர்வடையச் செய்தன. நிறுவனர் படம், மாலை, அமைச்சர் கைகுலுக்கும் படம், மறுபடியும் மாலை. டெண்டரில் தோற்ற கதை இல்லை. பில் வராத ஆறு மாதம் கூலி எப்படிக் கொடுத்தார்கள், வீட்டுப் பெண்களின் நகை எந்த வேலைக்காக அடகுக்குப் போனது, ஒரு வார்த்தை இல்லை. கட்டுமானத் தொழிலில் பணம் முன்னால் போகும், வரவு பின்னால் வரும்; வேலை முடிந்த பிறகும் ஒரு பங்கைப் பிடித்துவைப்பார்கள். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் குடும்பம் வேண்டியிருக்கிறது. அப்பா வாங்கிய கடனுக்கு மகன் பொறுப்பு என்று கொடுத்தவர் நம்புவதால்தான் அடுத்த லோடு சிமென்ட் இறங்குகிறது. அதே பிணைப்புதான் பின்னால் சிக்கலும் ஆகிறது. அப்துர் ரகுமான் 2015 ஜனவரியில் காலமானார். ஈ.டி.ஏ. பிறகு பழைய அளவில் இல்லை. வளைகுடாவின் தொழிலாளர் கேம்பில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டவர்கள் ஊர் திரும்பி, வடலூரிலும் மந்தாரக்குப்பத்திலும் கடை வைத்திருக்கிறார்கள். வண்டலூரில் 1984இல் அப்துர் ரகுமான் தொடங்கிய பொறியியல் கல்லூரி அவர் பெயரிலேயே பல்கலைக்கழகமாக நிற்கிறது. கல்லூரிக்கு ஆவணக் காப்பகம் வந்துவிடும். கேம்புக்கு யார் வைப்பார்கள்?

அதனால் ஒரு வேண்டுகோள். நெய்வேலி நகரியம் எழுந்த நாளில் சித்தாளாகவோ கொத்தனாராகவோ வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். வளைகுடா சைட்டில் இருந்தவர்களும் எழுதலாம். நடை பற்றிய கவலையை எங்களிடம் விடுங்கள். புகைப்படம் இருந்தால் நகல் போதும், அசலை அஞ்சலில் சேர்க்காதீர்கள். எந்த இடம், எந்த ஆண்டு என்று பின்பக்கம் குறித்துவிடுங்கள். படத்தில் மேஸ்திரி இருந்தால் அவர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்