ஒன்றுகளை எண்ணினால் போதுமா?

8085 லேப் முடித்த எந்த மாணவரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு பைட்டில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணும் அசெம்பிளி புரோகிராம் மனப்பாடமாக வரும். அக்குமுலேட்டரை ஆர்எல்சி போட்டு ஒரு இடம் சுழற்று, கேரியில் 1 விழுந்தால் சி ரெஜிஸ்டரில் ஒன்று கூட்டு, இப்படி எட்டு தடவை. விடை சரியாக வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. அத்தோடு கதை முடிந்தது.

அங்கே முடியக் கூடாது. 1களை எண்ணச் சொல்கிறார்கள், சரி. அதற்கு எத்தனை டி-ஸ்டேட் செலவாகிறது என்று எண்ணச் சொல்வதில்லையே!

போட்டுப் பார்க்கலாம். பிட் 0 என்றால் ஒரு சுற்றுக்கு 28 டி-ஸ்டேட், 1 என்றால் 29. கடைசிச் சுற்றில் ஜேஎன்இசட் தாவாததால் 3 குறையும். பைட்டில் ஒரே ஒரு 1 இருந்தால் லூப்புக்கு மொத்தம் 222. எட்டுமே 1 என்றால் 229. ஆள் இருக்கிறாரோ இல்லையோ, எட்டு வீட்டுக் கதவையும் தட்டியே ஆக வேண்டும்.

இன்னொரு வழி உண்டு. எண்ணிலிருந்து 1ஐக் கழியுங்கள். வந்ததையும் பழைய எண்ணையும் 'ஆண்ட்' செய்யுங்கள். உதாரணமாக 01101000. ஒன்று கழித்தால் 01100111. இரண்டையும் ஆண்ட் செய்தால் 01100000. வலது ஓரத்து 1 மட்டும் காணோம்! பூஜ்யம் வரும்வரை இதையே செய்து, எத்தனை தடவை என்று எண்ணினால் அதுதான் விடை. 8085இல் லூப்புக்கு ஐந்தே கட்டளைகள், சுற்றுக்கு 26 டி-ஸ்டேட். முதலிலேயே எண் பூஜ்யமா என்று சோதிக்க ஆகும் 11ஐச் சேர்த்தாலும், ஒரு 1க்கு 34, எட்டுக்கு 216. எந்த பைட்டைக் கொடுத்தாலும் இதுதான் ஜெயிக்கிறது.

(இதைக் கெர்னிகன் வழி என்பார்கள். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி புத்தகத்தில் பயிற்சிக் கணக்காக வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். பீட்டர் வெக்னர் 1960லேயே இதை வெளியிட்டுவிட்டார், பாவம்.)

"அதான் பாப்கவுண்ட் என்று ஒரே கட்டளை இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 1964இல் வந்த சிடிசி 6600லேயே அப்படி ஒரு கட்டளை இருந்தது. இன்டெல் தன் எக்ஸ்86 வரிசையில் 2008இல் நெஹலம் சிப்பில்தான் கொடுத்தது. ஆனால் ஜிசிசியில் அதற்கான பில்ட்-இன் ஃபங்ஷனை எழுதிவிட்டு, எந்த பிராசஸருக்கு என்று சொல்லாமல் கம்பைல் செய்து பாருங்கள். சாதாரண 64 பிட் எக்ஸ்86க்கு அந்த ஒற்றைக் கட்டளை வராது. பழைய சிப்பிலும் ஓட வேண்டுமே என்று கம்பைலர் வேறு வழியில் எண்ணும். செஸ் புரோகிராம் எழுதி, 64 கட்டங்களை ஒரே எண்ணில் வைத்து, நொடிக்குப் பல லட்சம் தடவை காய்களை எண்ணுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. வெளிவந்த அசெம்பிளியைப் படிக்கத் தெரிந்தவர்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

ரெக்கார்டு நோட்டில் விடைக்குக் கீழே டி-ஸ்டேட்டுக்கென்று ஒரு வரி விடலாம். வைவாவில் "இதை இன்னும் குறைக்க முடியுமா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குப் புது கிட் எதுவும் வாங்க வேண்டியதில்லை.