ஒரே டி.வி.டி.யில் நாலு விசேஷம்

அவனியாபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"எங்க மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் நடத்தினோம். இப்போது அவர் இல்லை. அத்தைக்கு அந்தப் படத்தைப் பார்க்கணும், அவர் பேசுவதைக் கேட்கணும். போனில் காட்டினால் கண்ணுக்குப் புலப்படலை என்கிறார்கள். டி.வி.டி. பிளேயர் மட்டும்தான் தானாகப் போடத் தெரியும். அதோடு என் வளைகாப்பு, பையன் காதுகுத்து, என் தம்பி எடுத்த ஜல்லிக்கட்டு, எல்லாம் ஒரே தட்டில் இருந்தால் மாற்றி மாற்றிப் போட வேண்டாம். கம்ப்யூட்டரில் நாலும் சேர்ந்து மூணு ஜி.பி.தான். தட்டில் 4.7 என்று போட்டிருக்கு. அப்படியே காப்பி பண்ணினால் பிளேயர் ஓட மாட்டேன் என்கிறது. சாஃப்ட்வேரில் போட்டால் இடம் போதாது என்கிறது. என்ன செய்ய?"

கவலையை விடுங்கள், சகோதரி. முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

டி.வி.டி. 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்து 'எம்பெக்-2' என்ற முறையில் பதிந்த படம்தான் பழைய பிளேயருக்குப் புரியும். போனில் எடுக்கும் எம்.பி.4 படமோ பின்னால் வந்த முறையில் நெருக்கி அடைத்தது. அதைத் தட்டில் காப்பி பண்ணினால் போய் உட்காரும், அவ்வளவுதான். பல பிளேயர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே படத்தை மாற்றித்தான் எழுத வேண்டும்.

மாற்றும்போது என்ன ஆகும்? அரிசி சாதமாகிற கதைதான். டப்பாவில் ஒரு ஆழாக்கு அரிசி அடக்கமாக இருக்கும். வெந்தால் பாத்திரம் நிறைந்துவிடும். அதனால் மூணு ஜி.பி. என்ற கணக்கை மறந்துவிடுங்கள். டி.வி.டி.க்கு ஜி.பி. முக்கியமில்லை, எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

(அட்டையில் 4.7 என்றிருக்கும், கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. இரண்டும் எண்ணுகிற முறை வேறு.)

கணக்கு சுலபம். 600-ஐ மொத்த நிமிஷத்தால் வகுங்கள். வருவதுதான் ஒரு நொடிப் படத்துக்குக் கிடைக்கும் இடம், மெகாபிட் கணக்கில். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் படம் தெளிவாக இருக்கும். 4-க்குக் கீழே போனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். 8-க்கு மேல் வந்தால் 8 என்றே வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் கணக்கைப் போடுவோமா? அறுபதாம் கல்யாணம் 70 நிமிஷம், வளைகாப்பு 40, காதுகுத்து 30, ஜல்லிக்கட்டு 20 என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 160. 600-ஐ 160-ஆல் வகுத்தால் 3.75. போதாது! அதிலும் ஜல்லிக்கட்டு சும்மா நிற்கிற படமா? காளை பாய்கிறது, புழுதி பறக்கிறது, கூட்டம் அலைமோதுகிறது. அசைவு அதிகமுள்ள படத்துக்கு இடமும் அதிகம் வேண்டும்.

ஆகவே கொஞ்சம் கத்தரியுங்கள். வளைகாப்பில் பந்தி பரிமாறுவதை இருபது நிமிஷம் யார் பார்ப்பார்கள்? 40-ஐ 20 ஆக்குங்கள். காதுகுத்து 20. ஜல்லிக்கட்டில் நல்ல காளைகளாகப் பார்த்து 10 நிமிஷம். 2014-ல் வந்த தடை விலகி, 2017 பிப்ரவரி 5-ந் தேதி உங்கள் ஊரில் நடந்த ஜல்லிக்கட்டு என்கிறீர்கள். அதனால் அதை அடியோடு விட்டுவிட வேண்டாம். மாமனாரின் 70 நிமிஷத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நமக்கு வெறும் பேச்சாகத் தோன்றுவது அத்தைக்குப் பொக்கிஷம். இப்போது மொத்தம் 120. வகுத்தால் 5. நாலும் ஒரே தட்டில் அடங்கிவிட்டன!

இனிச் செய்முறை. டி.வி.டி. ஸ்டைலர் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது.

1. புதிய தட்டு என்று தொடங்கி, அளவு 4.7, முறை 'பால்' என்று தேர்ந்தெடுங்கள். நம் ஊர் முறை அதுதான். அமெரிக்காவிலுள்ள மகளுக்கு அனுப்புவதென்றால் 'என்.டி.எஸ்.சி.'

2. நாலு படத்தையும் வரிசையாகச் சேருங்கள். அத்தை முதலில் தேடுவது எதுவோ அது முதலில் இருக்கட்டும்.

3. முகப்புப் பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு புகைப்படம் போட்டால் படிக்கவே வேண்டாம்.

4. முதலில் அழித்து எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. தட்டில் எழுதி, அத்தையின் பிளேயரிலேயே ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் டி.வி.டி.-ஆர் தட்டில் எழுதுங்கள். அவசரப்படாமல் 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதினால் நல்லது.

புதிய லேப்டாப்களில் தட்டு போடும் இடமே இருப்பதில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் வெளி ரைட்டர் வாங்கலாம். இல்லை, கல்யாண வீடியோ எடுப்பவரிடம் கொடுத்தும் எழுதி வாங்கலாம். நிமிஷக் கணக்கை மட்டும் நீங்களே போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். டி.வி.டி. எழுதியாச்சே என்று கம்ப்யூட்டரில் உள்ள மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள்! தட்டில் இருப்பது கத்தரித்து, தெளிவு குறைத்து எழுதிய நகல். அதிலிருந்து பழைய தெளிவைத் திரும்ப வாங்க முடியாது. மூலத்தை ஒரு ஹார்ட் டிஸ்கிலும், இன்னொரு பிரதியை அண்ணன் தம்பி வீட்டிலும் வையுங்கள். ஒரு வீட்டில் கெட்டாலும் மறு வீட்டில் இருக்கும்.

தட்டில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். மேல்பக்கம் தட்டுக்கென்று விற்கும் மார்க்கரால் எழுதுங்கள். மதுரை வெயிலில் ஜன்னலோரம் வைக்காமல், உறையிலிட்டு அலமாரியில் நிறுத்தி வையுங்கள். இரண்டு தட்டாக எழுதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டால், அத்தை தினமும் போட்டுப் பார்த்துக் கீறல் விழுந்தாலும் மனம் பதறாது. ஆசை தீரப் பார்க்கட்டும்!